அண்ணாச்சியின் பூர்வீகம்

என் அப்பா மதுவின் பெயரைச் சொல்ல மாட்டார். அண்ணாச்சி என்பார்.

"நமக்கு மூத்தவருல்லா. மரியாதை குடுக்கணும். கிட்டப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

அப்பா பெயர் ஆறுமுகநயினார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இளவயதில் திருவனந்தபுரம் வந்தவர். கம்பி கட்டுகிற வேலை. இந்த நகரத்தின் எத்தனையோ கட்டிடங்களுக்குள் அவர் வளைத்த கம்பி இருக்கிறது. வெளியே தெரியாது. கடைசியாக விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்த்தார். போன மாதம் ஈரல் புற்றுநோயில் இறந்தார்.

கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் சந்தில் எங்கள் வீடு. துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "கரள் போயதாணல்லே." ஈரல் போனதுதானே என்று அர்த்தம். அதற்கு மேல் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தார்கள். அப்பா குடியை விட்டுப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஈரலுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. தெருவுக்கும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் குடித்த காலத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அவர் விட்ட விதம்தான் வேறு.

பேரூர்க்கடையில் ஒரு கட்டிடம். மதியம் குடித்துவிட்டு வந்து ஒரு தூணுக்குக் கம்பி கட்டினார். தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி வளையங்கள் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடைவெளி என்று கணக்கு உண்டு. கீழ்ப்பகுதியில் பல வளையங்களை விட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் ஞாபகம் வந்தது. பலகை பிரித்திருந்தார்கள். தூண் நேராக, வழவழப்பாக நின்றது. அப்பா போய் மேஸ்திரியிடம் தானே சொன்னார். தூணை உடைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போனது.

"சொல்லாம இருந்திருக்கலாமே" என்று அம்மா கேட்டாள்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே பூமாரி. அந்த வீட்டுல ஒரு குடும்பம் வந்து படுக்கும்லா."

அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் சுலபமாக நடந்தது போலத் தோன்றும். நடுக்கம், வாந்தி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் தேடியது, எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே ஒருவர் விழிஞ்ஞத்தில் ஒரு கூட்டம் நடப்பதாகச் சொன்னார். குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் கதையைச் சொல்கிற கூட்டம்.

அப்பா போனார். எல்லாரும் மலையாளத்தில் பேசினார்கள். அப்பா மலையாளத்தில் வேலை கேட்பார், சண்டை போடுவார், பஸ் கண்டக்டரோடு சிரிப்பார். எழுந்து நின்று, "நான் என் பெண்டாட்டியை அடிச்சேன்" என்று அந்த மொழியில் சொல்ல வாய் வரவில்லை. பல வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். பிறகு அதே அறையை ஞாயிறு மத்தியானம் கேட்டு வாங்கி, தமிழ்க் கூட்டம் ஒன்று தொடங்கினார். முதல் நாள் வந்தது அவரும், சாலைக் கடைவீதியில் பரோட்டா போடும் லிங்கராஜ் மாமாவும் மட்டும். ஒருவர் பேச ஒருவர் கேட்டார்கள். மாற்றி மாற்றி.

பிறகு ஆள் சேர்ந்தது. கட்டிட வேலைக்காரர்கள், ஓட்டல் தொழிலாளிகள், துறைமுகத்தில் ஏற்றி இறக்குபவர்கள். எல்லாரும் தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம். சில வருடங்களில் ஒரு சிக்கல் வந்தது. எல்லாக் கதையும் ஒரே கதையாக இருந்தது. அடித்தேன், விற்றேன், விழுந்தேன். கேட்பவர்கள் கொட்டாவி விட்டார்கள். வராமல் நின்றவர்கள் மறுபடி மதுக்கடை வரிசையில் தென்பட்டார்கள்.

அப்பா யோசித்தார். "நம்ம கதையெல்லாம் சொல்லியாச்சு. அண்ணாச்சி கதையை யாரும் சொல்லலையே."

அப்படித்தான் அவர் மதுவின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் எட்டு தாண்டாதவர். கைபேசியில் வீடியோ பார்ப்பார். புரியாததை என்னிடம் கேட்பார். நான் வேதியியல் படித்தவள். உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில், ஒரு மாதிரியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவியை இயக்குவது என் வேலை. கட்டுரைகளைத் தேடிப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் இருவருக்கும் பேச விஷயம் கிடைத்தது அப்போதுதான்.

சில ஞாயிறுகளில் ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுபோய் விடுவேன். வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பேசுவது கேட்கும்.

"அண்ணாச்சியைக் கண்டுபிடிச்சது யாருடே?"

"காண்டிராக்டரு" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"யாருமில்ல. மனுசன் வரதுக்கு முன்னாடியே அவரு இருந்தாரு. பழம் பழுத்துக் கீழ விழும். தோலு மேல ஈஸ்ட்டுன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிரு உக்காந்திருக்கும். பழத்துல இருக்க சர்க்கரையை அது திங்கும். தின்னுட்டு அது போடுத கழிவுதான் அண்ணாச்சி."

"கழிவுக்கா நாம இந்தப் பாடு பட்டோம்."

"கேளுடே. நம்ம மூதாதைக் குரங்கு ஒண்ணு மரத்துலருந்து இறங்கி, அந்த விழுந்த பழத்தைத் திங்கப் பழகிச்சு. அதைச் செரிக்கதுக்கு அது உடம்பே மாறிச்சாம். ஒரு கோடி வருசம் இருக்கும்."

லிங்கராஜ் மாமா குறுக்கே வந்தார். "அப்ப தப்பு எம்மேல இல்ல அண்ணே. குரங்கு மேலதான்."

"குரங்கு தின்னுட்டு மரத்துக்குத் திரும்பிப் போயிட்டுடே. நீதான் வீட்டுக்குப் போகலை."

அதன் பிறகு ஆள் குறையவில்லை. அடுத்த வாரம் என்ன என்று கேட்டு வந்தார்கள். சீனத்தில் ஒன்பதாயிரம் வருடத்துக்கு முன் அரிசியும் தேனும் பழமும் சேர்த்து ஊறப்போட்ட பானைகளைப் பற்றிச் சொன்னார். ஜார்ஜியா நாட்டில் எட்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஜாடிகளில் திராட்சை மதுவின் தடயம் கிடைத்ததையும், அங்கே இன்றும் ஜாடியைக் கழுத்து வரை மண்ணில் புதைத்துத்தான் திராட்சையை ஊறவைக்கிறார்கள் என்பதையும் சொன்னார். எகிப்தில் பிரமிடு கட்டியவர்களுக்கு ரொட்டியோடு பீரும் அளந்து கொடுத்தார்கள் என்று சொன்ன நாளில் பெரிய சத்தம். "அப்ப சாயங்காலம் குவாட்டர் குடுக்கதை நம்ம மேஸ்திரி கண்டுபிடிக்கலை" என்றார் ஒருவர். "அன்னைக்கே ஆரம்பிச்சிட்டானுவ" என்றார் அப்பா. "வேலைக்காரன் மறுநாள் வரணும், யோசிக்கக் கூடாது. அதுக்கு இதைவிட லேசான வழி இல்ல."

பழைய பானையில் மது இருந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். சுடுமண்ணில் நுண்ணிய துளைகள் இருக்கும். திராட்சையில் டார்டாரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அது துளைக்குள் இறங்கி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பானைத் துண்டைச் சுரண்டிக் கரைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றேன்.

"கழுவினாக்கூடப் போகாதா?"

"முழுசாப் போகாது."

"எத்தனை ஆயிரம் வருசம் மண்ணுக்குள்ள கிடந்தாலும்?"

"ஆமாப்பா."

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அதைத்தான் சொன்னார். "நாம எல்லாம் மண்பானை, கேட்டியளா. உள்ள இறங்கினது இறங்கினதுதான். அதைச் சுரண்டி எடுக்க முடியாது. அதுக்கு மேல வேற எதை ஊத்தி வைக்கோம், அதுதான் நம்ம கையில."

கூட்டத்துக்கென்று அவர் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை வைத்திருந்தார். அதில் கட்டன் சாயா குடிப்பார். பால் கிடையாது, சீனி கிடையாது. அந்த நாளுக்குப் பிறகு கோப்பையைத் தேய்த்துக் கழுவ யாரையும் விடவில்லை. தண்ணீரில் அலசி வைத்துவிடுவார். வருடக்கணக்கில் உள்பக்கம் செம்பழுப்பாக மாறியது. தேயிலையில் இருக்கும் டானின் படிந்தால் அப்படித்தான் ஆகும். அசிங்கமாக இருக்கிறது, ஒருநாள் நான் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றேன்.

"தொடாத. நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்தாம்னா, இவன் என்ன குடிச்சான்னு அவனுக்குத் தெரியணும்லா."

நோய் தெரிந்தபோது முற்றியிருந்தது. டாக்டர் பழைய குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா ஒளிக்காமல் சொன்னார். வெளியே வந்து, "நான் சொன்னேம்லா, பானைன்னு" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கீமோ நாள்களிலும் ஞாயிறு கூட்டத்துக்குப் போனார். கடைசியாக அவர் பேசியது, யவனர் கப்பலில் மது ஜாடிகள் இந்தக் கரையோரத்துத் துறைமுகங்களில் வந்து இறங்கியதைப் பற்றி. "நான் கம்பி கட்டின இதே கடலுதான்" என்றாராம்.

பதினாறாம் நாள் விசேஷம் வீட்டில். ஒரே பிள்ளை நான், அதுவும் பெண் என்பதால் கொள்ளி வைத்தது தங்கபாண்டிச் சித்தப்பா, அப்பாவின் தம்பி. விசேஷத்துக்கு முந்தின நாளே ஊரிலிருந்து வந்துவிட்டார். இறந்தவர் படத்துக்கு முன் வாழை இலை போட்டு, அவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். குடிக்கிறவர் என்றால் பாட்டிலும் இலையில் இருக்கும். படைத்த பிறகு, வந்திருக்கும் ஆண்கள் எல்லாரும் அதில் ஒரு சொட்டாவது நாக்கில் வைக்க வேண்டும்.

காலையில் சித்தப்பா கடைக்குப் போய்விட்டு வந்தார். கையில் துணிப்பை.

"ரொம்ப ஒழுங்கா வரிசையில நிக்கானுவ உங்க ஊர்க்காரனுவ. கோயில்ல கூட இப்படி நிக்க மாட்டானுவ" என்றார். பையிலிருந்து முழுப்பாட்டில் ஒன்றை எடுத்து அடுப்படி மேடையில் வைத்தார்.

"இது எதுக்கு சித்தப்பா?"

"எதுக்காம். உங்கப்பனுக்கு வைக்காண்டாமா? அவனுக்குப் பிடிச்ச ஐட்டம் பிள்ள. தேடித் தேடி வாங்கிட்டு வாரேன்."

"அப்பா குடிக்கிறதில்லை."

"பிடிக்காம விட்டானா, பிடிச்சுப்போய் விட்டானா? சொல்லு."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"இதை இலையில வைக்க விட மாட்டேன் சித்தப்பா."

"ஏட்டி, உங்கப்பன் போன்ல எனக்குச் சொன்ன கதைதான். என்னமோ ஒரு குகையாம். பதிமூவாயிரம் வருசமாம். பொதைச்ச எடத்துல, செத்தவனுக்காகத்தான் மொதமொத பீரு ஊறப்போட்டானாம். சொன்னானா இல்லையா?"

"சொல்லியிருப்பாரு."

"நம்ம சுடலைமாடனுக்கே சாராயம் வைக்கோம். அவ்வளவு பழைய முறையை நீ ஒருத்தி ஆய்வுக்கூடத்துல உக்காந்து மாத்தப் போறியோ?"

அப்பாவின் வரலாறு அப்பாவுக்கே எதிராக வந்து நின்றது. அந்தக் குகைக் கட்டுரையை அவருக்குப் படித்துச் சொன்னது நான்தான். இஸ்ரேல் நாட்டில் இருக்கிறது அந்தக் குகை. அங்கே இறந்தவர்களைப் புதைத்திருந்தார்கள். பக்கத்திலேயே கல்லில் குடைந்த குழிகளில் தானியம் நொதித்ததன் தடயம் கிடைத்தது.

"அந்தக் குழியில என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரிஞ்சுச்சு சித்தப்பா?"

"அது உனக்குத்தான் தெரியும்."

"ஒட்டியிருந்ததை வச்சுத்தான். அவங்க என்ன குடிச்சாங்களோ, அது ஒட்டியிருந்துச்சு. நாம வைக்கிறதும் அப்படித்தான். வச்சதைப் பாத்துத்தான் இவர் யாருன்னு சொல்லுவாங்க."

"யாரு தோண்டப் போறா? அவனைத்தான் எரிச்சாச்சே."

"அதனாலதான் சொல்றேன். இலை மட்டும்தான் மிச்சம்."

அம்மா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். "ஆசைப்பட்டதை வைக்கலைன்னா அலைவாங்கன்னு சொல்லுவாங்களே பிள்ள" என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது. அந்தப் பாட்டிலால் அவள் பட்டது எனக்குத் தெரியும். இருந்தும் பயந்தாள். அதற்காக அவள் மேல் கோபப்பட முடியவில்லை.

அந்த நேரத்தில் கூட்டத்து ஆள்கள் வந்துவிட்டார்கள். முன்னால் லிங்கராஜ் மாமா. பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லாரும் சலவைச் சட்டையில். கடைசியாக மகேஷ்குமார் என்று ஒரு இளைஞர். கட்டிடத்தில் சென்ட்ரிங் பலகை அடிப்பவர். குடியை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது அப்பாதான், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போன் பேசிப் பேசி.

வாசலிலிருந்து பார்த்தால் அடுப்படி மேடை தெரியும். மகேஷ்குமார் பாட்டிலைப் பார்த்தார். பார்வையை எடுத்துச் சுவரில் வைத்தார். மறுபடி அது பாட்டிலுக்கே வந்தது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

லிங்கராஜ் மாமாவும் கவனித்தார். என்னைத் தனியே கூப்பிட்டார். "மோளே, ஒண்ணும் கவலைப்படாண்டாம். உங்க குடும்பத்து முறை. நாங்க வெளியவே நின்னு கும்பிட்டுட்டுப் போறோம். அந்தப் பையனை மட்டும் நான் இப்பமே பஸ் ஏத்தி விட்டுருதேன்."

பிறகு செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். "அண்ணன் சாமானம். கூட்டத்து அறையிலயே இருந்துச்சு. கழுவலை, கேட்டியா."

பிரித்தேன். கோப்பை. உள்பக்கம் அதே செம்பழுப்பு. வீட்டில் அப்பா தொட்ட பாத்திரம் எல்லாவற்றையும், சாவு வீடு என்று முதல் நாளே புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்கள். இது ஒன்றுதான் மிச்சம்.

"யாரும் வெளிய நிக்க வேண்டாம் மாமா. யாரும் பஸ் ஏற வேண்டாம். உள்ள வாங்க" என்றேன்.

அடுப்படிக்குப் போனேன். பாட்டிலை எடுத்துத் துணிப்பையில் போட்டு, சித்தப்பா கையில் கொடுத்தேன்.

"கொள்ளி வச்சவன் நான்" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தெரியும் சித்தப்பா."

"அவன் விட்டதுக்கப்புறம் ஊருக்கு வந்தா ஒரு நாள் தங்க மாட்டான். ஒரு டீயைக் குடிச்சிட்டு பஸ் ஏறிருவான். எங்கூட உக்காந்தா ஆசை வந்துரும்னு பயம் அவனுக்கு. எனக்குத் தெரிஞ்ச அண்ணன் குடிச்ச அண்ணன்தான் பிள்ள. ஆத்துமணல்ல படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் பாடுவோம். அவனுக்குத்தான் இதை வாங்கினேன்."

அவர் பிடிவாதத்துக்குள் இருந்தது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தெரியாத ஒரு அப்பா அவரிடம் இருந்தார். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை.

"அந்த அண்ணனுக்கு நீங்க ஊர்ல வைங்க சித்தப்பா. நான் தடுக்கலை. இது இந்த அண்ணன் வீடு. இவர் கூட்டாளிங்க வாசல்ல நிக்காங்க. படைச்சதை நாக்குல வைக்கணும்னு நீங்க சொல்லுவீங்க. அந்தப் பையன் வச்சா அதோட போயிருவான். அப்பா அவனை இழுத்துட்டு வந்ததெல்லாம் போயிரும்."

சித்தப்பா வாசலைப் பார்த்தார். மகேஷ்குமார் செருப்பைக் கழற்றவும் தெரியாமல், போகவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள். கை கழுவினாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அம்மா போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவள். தேயிலையை எப்போது போட வேண்டும், எவ்வளவு கொதிக்க விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டிக் கோப்பையில் ஊற்றினாள். கோப்பையின் கறையும் சாயாவின் நிறமும் ஒன்றாகி, எது எதுவென்று தெரியவில்லை.

"இதைத்தான் அவர் கடைசி வரைக்கும் கேட்டாரு" என்றாள். "அலைய மாட்டாரு."

இலையில் சோறு, அயிலை மீன் குழம்பு, அவருக்குப் பிடித்த முறுக்கு, ஓரத்தில் கோப்பை. சித்தப்பாதான் கற்பூரம் காட்டினார். எல்லாரும் உள்ளே நின்றார்கள். லிங்கராஜ் மாமா மகேஷ்குமாரின் தோளைப் பிடித்திருந்தார்.

படைத்து முடிந்ததும் சித்தப்பா கோப்பையை எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியால் எடுத்து, வந்தவர்கள் உள்ளங்கையில் வரிசையாக ஊற்றினார். மகேஷ்குமாருக்கு முன்னால் கொஞ்சம் நின்றார்.

"நீ எந்தூருடே?"

"தென்காசி அண்ணாச்சி."

லிங்கராஜ் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கும். சித்தப்பாவுக்கு ஏன் என்று புரியவில்லை. மகேஷ்குமாரின் கையில் இரண்டு கரண்டி ஊற்றினார்.

கடைசியில் தன் கையில் ஊற்றி வாயில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீனி போடலையா?"

"அப்பா போட மாட்டாரு சித்தப்பா."

"கசக்கு" என்றார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது. அதையும் குடித்தார். பிறகு கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"தேய்ச்சிராத" என்றார்.